முத்திரையை வாசித்துப் பார்ப்போம்

விழா மலருக்குக் கட்டுரையொன்று வரைந்து தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, கல்லூரியின் பழம்பெருமையை எடுத்துரைக்க எம்மினும் தகுதி வாய்ந்தோர் பலர் உளர் என்பதை நாம் அறிந்திருந்தோம். ஆதலின், பழைய மாணவர் அநேகர் கடல் கடந்து வாழ்வதையும், இன்றைய மாணவரும் நாளை கடவுச்சீட்டுடன் புறப்படவிருப்பதையும் கருதி, சிறிதாகத் தோன்றிப் பெரிதாக விளையும் ஒரு பொருள்பற்றிச் சில கூறத் துணிந்தோம். அயல்நாட்டு விமான நிலையத்திலே நம் கடவுச்சீட்டிற் பதிக்கப்படும் வருகை முத்திரையே அப்பொருளாகும்.

2018 ஆம் ஆண்டு மே மாதம் 31 ஆந் திகதி மாலை, நாமும் எம் இல்லாளும் நுகேகொடையிலிருந்து புறப்பட்டுக் கட்டுநாயக்காவில் விமானமேறி, மறுநாட் காலை ஐரோப்பிய நாடொன்றில் இறங்கினோம். மகளின் பேறுகாலத்துக்குத் துணையாயிருந்து ஓகஸ்ட் 20 ஆந் திகதி மீள்வதே எமது எண்ணம். உத்தியோகத்தர் முத்திரை குத்தி நீட்டிய கடவுச்சீட்டுகளை இரு கையாலும் வாங்கி, நன்றி கூறி, திறந்து பாராமலே பையில் இட்டுக்கொண்டோம். மூன்று வாரங் கழிந்தபின், நாட்கணக்குப் பார்க்க அவற்றை விரித்த மருமகன் திகைத்துப்போனார். இருவர் சீட்டிலும் மே 1 என்றிருந்தது! புது மாதம் பிறந்த அன்று முத்திரையின் நாளைத் திருப்பியவர் மாதத்தைத் திருப்ப மறந்துவிட்டார் போலும். எமக்கு அனுமதித்த தொண்ணூறு நாளும் அம்முத்திரையின் கணக்கில் யூலை 29 ஆந் திகதியே முடிந்துவிடும். அதன்பின் தங்கும் ஒவ்வொரு நாளும் குற்றமாகும். மறுமுறை விசாக் கேட்கும்போது அக்குற்றமே முன்னின்று பேசும்.

திருத்தம் வேண்டி மூன்று அலுவலகங்களின் படியேறினோம். ஓரிடத்தில், பதித்தவர் தாமல்லர் என்றனர். மற்றோரிடத்தில், புறப்படும்போது கூறுங்கள் என்றனர். மே 31 ஆந் திகதி கட்டுநாயக்காவிற் பதித்த புறப்பாட்டு முத்திரை அதே கடவுச்சீட்டின் எதிர்ப்பக்கத்தில் இருந்தது. மே முடிவில் இலங்கையை விட்டவர் மே முதல் நாளில் அங்கு வந்திறங்குவது எங்ஙனம்? அதனைச் சிந்திக்க எவரும் பக்கத்தைப் புரட்டினாரல்லர். இறுதியில் எம்மைக் காத்தது, எம் இல்லாள் தேவாரப் புத்தகத்துள் அடையாளமாக வைத்திருந்த விமானமேறும் அட்டையின் துண்டு. அதனைக் கண்ட விமான நிலைய எல்லைக் காவல் அதிகாரி, பிழையான முத்திரையை நீக்கி, சரியான திகதியைப் பதித்து, கையொப்பமிட்டு, வருத்தமும் தெரிவித்தார்.

ஒருவர் கை தவறியதை நாம் பெரிதுபடுத்தவில்லை. அத்தவறு தவறென்று நிறுவும் பாரம் முழுவதும் தவறிழையாதவர் தலையில் விழுவதே ஆராய்தற்குரியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016 ஆம் ஆண்டு எல்லைச் சட்டம், வருகை முத்திரை இல்லாதவிடத்து, அப்பிரயாணி காலவரம்பை மீறினார் எனக் கொள்ள அதிகாரிகளுக்கு இடமளித்தது. பிரயாணச்சீட்டு முதலிய நம்பத்தக்க சான்றுகளைக் காட்டி அதனை மறுக்கும் உரிமையையும் அதே சட்டம் தந்தது. எனினும் சான்றைத் தேடி அலைய வேண்டியவர் பிரயாணியே.

ஏட்டிலுள்ள ஒரு திகதி மனிதர் வாழ்வைத் தீர்ப்பது நம் நாட்டவர்க்குப் புதிதன்று. 1949 ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தோர், 1946 சனவரி 1 ஆந் திகதிக்கு முன், மணமானவராயின் ஏழாண்டும் மணமாகாதவராயின் பத்தாண்டும் இங்கு இடையறாது வதிந்தமையை நிறுவவேண்டியிருந்தது. இடையிலே ஓராண்டுக்கு மேல் வெளியே தங்கினால் அத்தொடர்ச்சி அறுந்துவிடும். தலைமன்னார் வழியாகத் தாய் தந்தையரைக் காணச் சென்று மீண்ட தோட்டத் தொழிலாளி, போன நாளுக்கும் வந்த நாளுக்கும் ஏடு காட்ட நேர்ந்தது. காட்ட இயலாதோர் பலர் நாடற்றவராயினர். எஞ்சியோர்க்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை நல்கிய சட்டம் 2003 ஆம் ஆண்டிலேதான் நிறைவேறிற்று. நாம் மருமகனுடன் அலைந்த அதே 2018 இல், பிரித்தானியாவில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து பல்லாண்டுகளின் முன் குடியேறிய முதியோர் சான்றின்றித் துன்புற்ற செய்தி வெளியாயிற்று. அவர்களுள் பலருக்கு உதவியிருக்கக்கூடிய பழைய வருகைச் சீட்டுகளை 2010 ஆம் ஆண்டில் அழித்தது அவ்வரசின் உள்துறை அமைச்சே. இவற்றோடு ஒப்பிடின் எமது இடர் அணுவளவினது. ஆயினும் நோயின் மூலம் ஒன்றே.

இனி முத்திரையே மறையுங் காலம் வந்துவிட்டது. 2025 ஒக்டோபர் 12 ஆந் திகதி முதல் ஐரோப்பாவின் 29 நாடுகளில் மின்பதிவு முறை படிப்படியாக இடம்பெறலாயிற்று. சிங்கப்பூர் 2022 ஆம் ஆண்டிலேயே வெளிநாட்டார்க்கு முத்திரையிடுதலைக் கைவிட்டது. பொறி பிழை செய்யாதென்பர் சிலர். பொறிக்கு ஊட்டுபவரும் மனிதரன்றோ! கடவுச்சீட்டிற் கண்ட பிழையை ஒரு மருமகன் கண்டுபிடிக்க முடிந்தது; காணாத ஏட்டிலுள்ள பிழையை எவர் காண்பார்? சிங்கப்பூர் தன் பதிவை மின்னஞ்சலில் அனுப்புகிறது. அமெரிக்காவில் தம் வருகைப் பதிவை இணையத்திற் பார்க்கலாம். பதிவு வைத்திருக்கும் அரசு அதனை உரியவர்க்குக் காட்டுதலும், தன் பிழையைத் தானே விரைந்து திருத்துதலும் கடமையென எங்கும் விதிக்கப்படல் வேண்டும் என்பதே எம் கருத்து.

அதுகாறும் நம்மாலாவதைச் செய்வோம். கருமபீடத்தை விட்டு நீங்குமுன் நாள், மாதம், ஆண்டு, தங்கும் காலம் ஆகியவற்றை வாசித்துப் பார்ப்போம். பிழையிருப்பின் அங்கேயே, அவ்வுத்தியோகத்தரிடமே, இன்சொல்லாற் கூறுவோம். நம் பேனாவால் ஒரு புள்ளியும் இடாதிருப்போம். கடவுச்சீட்டில் நாமே திருத்துவது குற்றமாகும். மீண்டு வீடு சேருமட்டும், சேர்ந்த பின்னருங்கூட, பிரயாணத் துண்டுகளைப் பேணி வைப்போம்.

அதிகாரி முன் வாய் திறவாமையே பணிவு என்று எம் தலைமுறையிற் பலர் எண்ணி வளர்ந்தோம். அது பணிவன்று, அச்சமே என்பதை முதுமையிற் கற்றோம். இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் இளைஞர், தம் பெயரால் எழுதப்படுவதை நின்று வாசிக்கும் வழக்கத்தை இளமையிலேயே கற்பாராக. வரிசையிற் பின்னிற்போர் அரை நிமிடம் பொறுத்தருள்வர்.