பளபளப்பு இருக்கட்டும், தட்டிப் பாருங்கள்

தஞ்சோங் கிளிங்கிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய கணவரும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து போர்ட்டிக்சனில் ஒரு பழைய ஃபைபர் பாய்மரப் படகைப் பார்த்து வைத்திருக்கிறார்களாம். “அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கிறது, ஒரு கீறல்கூட இல்லை என்கிறார். வீட்டு முன்பணத்துக்காகச் சேர்த்த பணம் அது. வாங்க விடலாமா?” என்று கேட்கிறார்.

படகைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது, சகோதரி. ஆனால் ஒன்று சொல்வேன். உங்கள் கணவர் அடிப்பக்கத்தைப் பார்த்தது சரி, மேல்தளத்தையும் பார்த்தாரா? பழைய ஃபைபர் படகைக் கெடுப்பது பெரும்பாலும் கடல்நீர் அல்ல, மழைநீர்.

காரணம் இதுதான். பழைய படகுகள் பலவற்றில் அடிப்பகுதி முழுவதும் கெட்டியான ஃபைபர். மேல்தளம் அப்படியல்ல. எடை குறைய வேண்டும் என்பதற்காக இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே பால்சா மரத்தையோ பிளைவுட்டையோ வைத்து, சாண்ட்விச் போலச் செய்திருப்பார்கள். கைப்பிடிக் கம்பி, கயிறு கட்டும் கொண்டி என ஒவ்வொன்றுக்கும் அந்தத் தளத்தைத் துளைத்துத்தான் போல்ட்டு முடுக்குகிறார்கள். துளையை அடைத்த பசை நம் வெயிலில் சில வருடங்களில் காய்ந்து வெடித்துவிடும். பிறகு மாலை மழை ஒவ்வொன்றும் உள்ளே இறங்கும். இறங்கிய நீர் வெளியே வர வழியில்லை. மரம் உள்ளுக்குள்ளேயே மக்கும். மேலே பெயிண்ட் மட்டும் பளபளவென்று இருக்கும்.

1959-இல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் அறிமுகமான ‘பியர்சன் டிரைட்டன்’ என்ற 28 அடிப் படகு இதற்கு நல்ல உதாரணம். 700-க்கும் மேல் கட்டினார்கள். அவற்றில் பல அறுபது வயதைக் கடந்தும் ஓடுகின்றன. அடிப்பகுதி அவ்வளவு கெட்டி. ஆனால் அதை வைத்திருப்பவர்கள் பலர் அலுத்துக்கொள்வது பால்சா வைத்த மேல்தளத்தைப் பற்றித்தான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? செருப்பைக் கழற்றிவிட்டு மேல்தளம் முழுவதும் மெதுவாக நடக்க வேண்டும். எங்காவது மெத்தை போல அமுங்கினாலோ, திருகாணி ஓரத்தில் நீர் கசிந்தாலோ உள்ளே மரம் போய்விட்டது என்று அர்த்தம். அடுத்து, ஸ்குரூ டிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் சாணுக்குச் சாண் தட்ட வேண்டும். (சுத்தியல் வேண்டாம், விற்பவர் துரத்துவார்.) நல்ல இடம் ‘டக் டக்’ என்று கணீரென்று ஒலிக்கும். கெட்ட இடம் ‘தொப்’ என்று அடங்கிவிடும். பலாப்பழத்தைத் தட்டி வாங்கத் தெரிந்த நமக்கு இது கடினமல்ல.

பாய்மரம் ஊன்றிய இடத்தில் தளம் பள்ளமாகியிருக்கிறதா, அதற்குக் கீழே உள்ள அறைக் கதவு இறுகிப்போய்த் திறக்க மறுக்கிறதா என்றும் பாருங்கள். உள்ளே போய் ஒவ்வொரு போல்ட்டின் அடியிலும் டார்ச் அடியுங்கள். பழுப்பு நிறக் கோடு வழிந்திருந்தால் அங்கே ஒழுகுகிறது. விற்பனைக்கு முந்தின வாரம் உட்புறம் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

அடிப்பக்கத்தில் கொப்புளம் தேடுவார்கள். அதைப் பார்க்கப் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் கழுவிய உடனே போக வேண்டும். காயக் காயச் சில கொப்புளங்கள் அமுங்கிவிடும். ஃபைபருக்குள் ஊறிய நீர் ரெசினில் உள்ள பொருட்களைக் கரைத்து உண்டாக்குபவை அவை. உடைத்தால் வினிகர் வாடை அடிக்கும். நாலைந்து சிறு கொப்புளங்களுக்காக நல்ல படகை விட வேண்டாம், விலையைக் குறைக்கலாம். ஆனால் அடியில் தொங்கும் கனமான கீல், படகோடு சேரும் இடத்தில் முன்பக்கமாக விரிசல் இருந்தால் எச்சரிக்கை. எங்கோ பாறையிலோ மேட்டிலோ மோதியிருக்கக்கூடும்.

பாய்மரப் படகு எல்லாருக்கும் இல்லை, தெரியும். தஞ்சோங் கிளிங்கில் தூண்டில் போட பழைய ஃபைபர் சம்பான் வாங்குகிறவர்களும் இதே கதையில் சிக்குவார்கள். எஞ்சின் மாட்டும் பின்பலகைக்குள் பிளைவுட்தான் இருக்கும். எஞ்சினின் கீழ்க் காலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். பலகையும் சேர்ந்து அசைந்தால் அந்தச் சம்பானை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

மக்கிய மேல்தளத்தைச் சரிசெய்ய முடியாது என்றில்லை. மேல் தகட்டை அறுத்து, மக்கியதைச் சுரண்டி, புது மரம் வைத்து, மறுபடி ஃபைபர் போட வேண்டும். பொருளைவிடக் கூலிதான் விழுங்கும். வீட்டு முன்பணத்தில் பெரும்பங்கு அதற்கே போய்விடலாம்.

ஆகவே சகோதரி, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, “சர்வேயர் பார்த்து திருப்தி சொன்னால் மட்டுமே வாங்குவோம், இல்லையென்றால் பணம் திரும்பத் தரவேண்டும்” என்று எழுதி வாங்கச் சொல்லுங்கள். சர்வேயரை நீங்களே பிடியுங்கள், விற்பவர் காட்டும் ஆள் வேண்டாம். அதற்கு முன், நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் உங்கள் கணவரை மறுபடி ஒருமுறை போர்ட்டிக்சனுக்கு அனுப்புங்கள். நீங்களும் கூடப் போனால் நல்லது.