புள்ளிவிபரங்களுக்குள் மறையும் வறுமை

உலகின் செல்வந்த நாடுகளின் வரிசையில் கனடாவுக்கு நிலையான இடமொன்று உண்டு. எம்மவர்கள் பெருந்தொகையாகக் குடியேறியுள்ள நாடு என்பதால் அதன் செழிப்பை இங்குள்ளோரும் நன்கறிவர். ஆனால், அந்நாட்டின் வட துருவப் பிரதேசத்தின் பூர்வீகக் குடிகளான இனுவிட் மக்களின் வாழ்க்கை நிலை குறித்து அதிகம் பேசப்படுவதில்லை.

2016 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி, இனுவிட் மக்கள் பெரும்பான்மையாக வாழும் நுனாவுட் பிராந்தியத்தில் குடும்பமொன்றின் இடைநிலை ஆண்டு வருமானம் 97 ஆயிரம் டொலரைத் தாண்டியிருந்தது. கனடா முழுவதற்குமான தொகையோ 70 ஆயிரம் டொலரைச் சற்றே விஞ்சியிருந்தது. இதனை மட்டும் நோக்குபவர்கள் அங்கு வறுமைக்கே இடமில்லை என்று முடிவு செய்துவிடக்கூடும்.

உண்மை நிலை வேறு. அதே 2016 மதிப்பீட்டின்படி, இனுவிட் தாயகப் பகுதிகளில் இனுவிட் ஒருவரின் இடைநிலை வருமானம் 23,485 டொலராக மாத்திரமே இருந்தது. அதே பகுதிகளில் வாழ்ந்த பூர்வீகக் குடிகள் அல்லாதோரின் வருமானமோ 92,011 டொலராக இருந்தது. தெற்கிலிருந்து வரும் அதிகாரிகள், ஆசிரியர்கள், மருத்துவத் துறையினர் ஆகியோரின் உயர் சம்பளமும், ஒரே கூரையின் கீழ் பலர் உழைப்பதுமே குடும்ப வருமானத்தை உயர்த்திக் காட்டுகின்றன.

அந்தக் கூரையின் நிலையும் கவலைக்குரியது. 2021 ஆம் ஆண்டின் மதிப்பீட்டில், தாயகப் பகுதிகளிலுள்ள இனுவிட் மக்களில் சுமார் 53 வீதமானோர் இடநெருக்கடி மிக்க வீடுகளில் வாழ்வது தெரியவந்தது. காசநோய் அங்கு இன்னமும் நீடிப்பதற்கு இந்நெருக்கடியும் ஒரு காரணமாகும்.

நுனாவுட்டின் கிராமங்களை வெளியுலகுடன் இணைக்கும் வீதிகள் இல்லை. கோடையில் கப்பல், மற்றைய காலங்களில் விமானம் என்ற நிலையில் உணவுப் பொருட்களின் விலை தெற்கிலுள்ளதை விடப் பன்மடங்காகும். 2011 இல் ஆரம்பிக்கப்பட்ட அரசாங்க மானியத் திட்டத்தின் முழுப் பயனும் நுகர்வோரைச் சென்றடைவதில்லை என்ற குற்றச்சாட்டு நீண்டகாலமாகவே உண்டு. வேட்டையாடி உண்ணலாமே என்று கேட்பதும் எளிது. பனி ஊர்தியும் எரிபொருளும் துப்பாக்கி ரவையும் வாங்கப் பணம் வேண்டும். சம்பளம் இல்லாதவனுக்கு இன்று வேட்டையும் இல்லை என்பதே கசப்பான யதார்த்தம்.

இந்த வறுமை இயற்கையின் விளைவு அன்று. 1953 இலும் 1955 இலும் இனுவிட் குடும்பங்கள் சொந்த மண்ணிலிருந்து தொலைதூர வடக்கிற்கு அரசாங்கத்தினால் இடமாற்றப்பட்டன. அதற்கு மன்னிப்புக் கோரப்பட்டதோ 2010 இலேயாகும். 1980களில் ஐரோப்பா விதித்த தடையினால் சீல் தோல் சந்தை சரிந்து, கையிலிருந்த சிறு வருமானமும் பறிபோனது.

1993 ஆம் ஆண்டின் காணி உடன்படிக்கையும் 1999 இல் உருவான நுனாவுட் பிராந்தியமும் அம்மக்களின் பெரும் வெற்றிகள் என்பதில் ஐயமில்லை. எனினும், சனத்தொகையில் 85 வீதமளவில் உள்ள அவர்கள் அரசாங்கப் பதவிகளில் ஏறத்தாழ அரைவாசியையே வகித்து வந்துள்ளனர். காணி, கனிய வளங்கள் மீதான அதிகாரத்தைப் பிராந்தியத்திற்குக் கையளிக்கும் உடன்படிக்கை 2024 ஜனவரியில் கைச்சாத்தானது. அதிகாரம் கைக்கு வந்தாலும், அதனைக் கையாளும் கல்வியும் தொழிலும் குடியிருக்க ஒரு வீடும் கிட்டாதவரை அது ஏட்டளவிலேயே இருக்கும். ஒரு நாட்டின் செழிப்பை அதன் சராசரிக் கணக்குகளில் அல்ல, கடைக்கோடிக் குடிமகனின் அடுப்படியில் அளப்பதே நியாயமானதாகும்.