கரைக்குச் சுவர் எழுப்பலாமா?

கேள்வி: பாலாற்றை ஒட்டி ஒன்றரை ஏக்கர் நிலம் இருக்கிறது. 2021 நவம்பர் வெள்ளத்தில் கரையோரம் நின்ற இரண்டு தென்னை ஆற்றோடு போய்விட்டன. மீதி நிலத்தைக் காப்பாற்ற கான்கிரீட் சுவர் கட்டலாமா? எவ்வளவு உயரம் வேண்டும்?
– ஒரு வாசகர், விரிஞ்சிபுரம்

பதில்: உயரம் கேட்கிறீர்கள். முதலில் கேட்க வேண்டியது ஆழம். வெள்ளம் கரையைத் தாண்டி வந்து நிலத்தை எடுப்பதைவிட, அடிமண்ணை அரித்து மேல்மண்ணை விழவைப்பதுதான் அதிகம். ஆறு வளையும் இடத்தில் வெளிப்பக்கக் கரையில் நீர் வேகமாக மோதும். மணல் அள்ளிப் பள்ளமான இடத்தில் கேட்கவே வேண்டாம். அந்த அரிப்புக்குக் கீழே அஸ்திவாரம் போகாவிட்டால், எவ்வளவு கனமான சுவரும் ஆற்றுப் பக்கம் சாய்ந்துவிடும்.

அதனால்தான் பெரிய கருங்கற்களைச் சரிவாக அடுக்கி, கரையடியிலும் கொஞ்ச தூரம் பரப்பி வைக்கிறார்கள். அடிமண் போனால் கற்கள் சரிந்து பள்ளத்தை மூடிக்கொள்ளும். ஆனால் இதை உங்கள் நிலத்துக்கு மட்டும் செய்தால், கல் முடிகிற இடத்தில் அரிப்பு தொடங்கும். புதுச்சேரிக் கடற்கரையில் நடந்தது கிட்டத்தட்ட இதுதான். துறைமுகம் வந்தபின் வடபக்கம் மணல் வரத்து குறைய, கரையில் கல் கொட்டினார்கள். நகரம் தப்பியது, அரிப்பு வடக்கே தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் மீனவர் வீடுகளுக்குப் போனது. ஆகவே வளைவு முழுவதற்கும் சேர்த்துத்தான் வேலை நடக்க வேண்டும். ஆறு புறம்போக்கு என்பதால் நீர்வளத் துறையைக் கேட்காமல் நீங்கள் கட்டவும் கூடாது.

உங்கள் கையில் இருப்பது வேறு. வயலின் வடிநீர் கரை விளிம்பில் வழியக் கூடாது. வெள்ளம் இல்லாத நாளிலும் அது ஓடை வெட்டிவிடும். வாய்க்காலை உள்பக்கம் திருப்புங்கள். சரிவின் குறுக்கே, மழை தொடங்கும்போது, வெட்டிவேர் நாற்றை அரை அடிக்கும் குறைவான இடைவெளியில் வரிசையாக நடுங்கள். இரண்டு மூன்று வருடத்தில் வேர் ஆளுயரத்துக்கு மேல் இறங்கும். தோல் கழிவால் உப்பேறிய மண்ணிலும் தாக்குப்பிடிக்கும் (நம் பக்கம் இதைச் சொல்லாமல் விட முடியாது). ஆனால் அடி அரிப்பு பலமாக உள்ள இடத்தில் வெட்டிவேர் மட்டும் போதாது. விளிம்பில் மறுபடி தென்னை வேண்டாம். வேர் ஆழம் போகாது, மேல்பாரம்தான் கூடும்.

ஒன்றை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். கரை பெரும்பாலும் வெள்ளம் ஏறும்போது விழாது, வடியும்போது விழும். ஊறிய மண்ணைத் தாங்கிப் பிடித்த தண்ணீர் இறங்கிவிட்டால் பாரம் அப்படியே சரியும். வடிந்து நாலைந்து நாள் விளிம்பில் மாடு கட்டாதீர்கள், மோட்டாரைப் பார்க்கப் போகாதீர்கள். விளிம்புக்கு இணையாக மண்ணில் வெடிப்பு தெரிந்தால் எத்தனை நாளானாலும் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

மனுவை அக்கம்பக்கத்து நிலக்காரர்களும் சேர்ந்து, சர்வே எண்களோடு, மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். ஒரே இடத்தில் நின்று மழைக்கு முன்னும் பின்னும் எடுத்த போட்டோ இரண்டை இணையுங்கள். கரையடியில் கல் பரப்புவது மதிப்பீட்டில் உண்டா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.