மூடிக் கிடந்த ஏழு வாரங்கள்



கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் என்றதும் எல்லோருக்கும் குண்டு வெடித்த நாள்தான் நினைவுக்கு வருகிறது. எனக்கு அதற்குப் பின் வந்த நாட்களும் மறக்கவில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை 8.45க்குக் கோபுர மணிக்கூடு நின்றுபோனது. கடற்படையினர் திருத்தி முடித்து, ஜூன் 12ஆம் திகதிதான் கோயில் மறுபடி திறக்கப்பட்டது. அந்த ஏழு வாரங்களைப் பற்றியே இந்த மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

அதற்கு முன் கொஞ்சம் பழங்கதை. 1656இல் கொழும்பைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தினார்கள். கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்ற குரு வியாபாரி வேடத்தில் திரிந்தாராம். படை தேடி வந்தபோது அவரை ஒளித்து வைத்தவர்கள் நம் முகத்துவாரத்து மீனவர்கள். கடல் கரையை அரிக்கிறது, அதற்காக மன்றாடுங்கள் என்று அவரிடம் கேட்டார்களாம். அவர் மணலில் சிலுவையை நட்டு மூன்று நாள் செபிக்க, கடல் பின்வாங்கியது என்பது வழிவழியாக வரும் கதை. அதே ஒல்லாந்தர் முஸ்லிம்களான சோனகரையும் விட்டுவைக்கவில்லை. அந்நியர் என்று எழுதி வைத்து, ஊழியம் என்ற கட்டாய வேலையைச் சுமத்தினார்கள். கோட்டையிலும் புறக்கோட்டையிலும் சொத்து வாங்கத் தடை போட்டார்கள். ஆங்கிலேயர் காலத்தில் கத்தோலிக்கருக்கு 1806இல் உரிமை கிடைத்தது; சோனகர் மீதிருந்த சொத்துத் தடை நீங்க 1832 ஆனது. இரண்டே வருடம் கழித்து, 1834இல், அந்தோனியார் கோயில் நேர்ந்தளிக்கப்பட்டது. ஒரே ஆட்சியிடம் மிதிபட்டவர்கள் இந்தக் கரையில் அடுத்தடுத்துக் குடியிருந்தார்கள். பிறகு மேமன்கள், போராக்கள் வந்தார்கள். 1990இல் யாழ்ப்பாணத்திலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களில் ஒரு பகுதியினரும் கொழும்புக்கே வந்தார்கள். தமிழராகிய நாம் அதையும் மறக்கலாகாது.

சண்டையே இல்லாத ஊர் என்று சொல்ல மாட்டேன். 1883இல், அதுவும் ஓர் உயிர்த்த ஞாயிறன்று, கொட்டாஞ்சேனையில் பௌத்தருக்கும் கத்தோலிக்கருக்கும் கலவரம் மூண்டது. அப்படியிருந்தும் செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாரிடம் எல்லாச் சமயத்தவரும் வந்தார்கள். முஸ்லிம் தாய்மாரும் வந்தார்கள், மெழுகுதிரி ஏற்றினார்கள், பிள்ளைக்காக வேண்டிக்கொண்டார்கள்.

இனி அந்த ஏழு வாரங்களுக்கு வருகிறேன். 2019 ஏப்ரல் 26, வெள்ளிக்கிழமை. பள்ளிவாசலுக்கு வராமல் வீட்டிலேயே தொழும்படி முஸ்லிம்கள் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். 28, ஞாயிறு. நாட்டில் எந்தக் கத்தோலிக்கக் கோயிலிலும் பொதுப் பூசை இல்லை. கர்தினால் மல்கம் ரஞ்சித்தின் பூசையைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஒரே வாரத்தில் இரண்டு வீட்டாரும் தொழுகைக்குப் போக வழியற்று உட்கார்ந்திருந்தார்கள். குண்டுதாரிகளின் உடல்களைப் பள்ளிவாசல்களில் ஏற்கமாட்டோம் என்று முஸ்லிம் மார்க்க அறிஞர்களின் சபையான ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. குண்டுதாரிகளின் தலைவன் சஹ்ரானின் கும்பலிடம் 2017இலேயே காத்தான்குடியில் அடி வாங்கியவர்களும் முஸ்லிம்கள்தாம்.

மே முதல் வாரத்தில் நோன்பு பிறந்தது. ஜூன் 5 பெருநாள். அந்த நோன்பு மாதம் முழுவதும் அந்தோனியார் கோயிலின் திருத்த வேலைக்குள்ளேயே அடங்கிவிட்டது. நடுவே, மே 13இல், குருநாகல், மினுவாங்கொடைப் பக்கம் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. பொறுமை காக்கும்படி கர்தினால் மல்கம் ரஞ்சித் திரும்பத் திரும்பக் கேட்டார். சொந்த மந்தையில் அத்தனை பேரை இழந்த ஒருவர் அதைச் சொன்னது பெரிய காரியம். இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

இரு சமயத்தாரின் உறவு அத்தோடு அறுந்துவிடவில்லை. கோவிட் காலத்தில் முஸ்லிம்களின் ஜனாஸாக்களைக் கட்டாயமாக எரித்தபோது, பொரளை கனத்தை மயான வேலியில் வெள்ளைத் துணி கட்டியவர்களில் எல்லாச் சமயத்தவரும் இருந்தார்கள். இறந்தவரைப் புதைக்கும் வழக்கம் கத்தோலிக்கருக்கும் உண்டு. அந்த வலி அவர்களுக்கு விளங்கியது. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்கத்துக்கு அனுமதி வந்தது.

இவையெல்லாம் செய்தியில் வந்தவை. வராதவை உங்கள் வீடுகளில் இருக்கின்றன. அந்த மே மாதம் எந்த வீட்டு நோன்புக் கஞ்சி எந்த வீட்டுக்குப் போனது? வெளியே இறங்கப் பயந்த பக்கத்து வீட்டம்மாவுக்கு யார் மருந்து வாங்கிக் கொடுத்தார்கள்? பேசாமல் போனவர்கள் எப்போது மறுபடி பேசினார்கள்? கசப்பாக இருந்தாலும் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும், பெயர் வேண்டாம். எழுத முடியாத பெரியவர்கள் பேரப்பிள்ளைகளிடம் சொல்லி எழுதுவியுங்கள். வரும் இதழ்களில் இந்தப் பக்கத்தையே அவற்றுக்கு விட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்