அத்தைக்கு மீசை முளைத்தால்..?

ஒரு நேர்முகத் தேர்வு. ‘உங்கள் மேலதிகாரி கணக்கில் தவறு செய்கிறார். அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். என்ன செய்வீர்கள்?’ என்று கேட்கிறார்கள். எதிரே இருக்கும் இளைஞர், ‘எங்க ஆபீஸ்ல அப்படி நடந்ததே இல்லை சார்’ என்கிறார். கேட்டவர் சிரித்தபடி, ‘இட்ஸ் எ ஹைப்போதெட்டிகல் கொஸ்டின்’ என்கிறார். இளைஞரோ இன்னும் உறுதியாக, ‘எங்க சார் அப்படிப்பட்டவர் இல்லைங்க’ என்கிறார். விசுவாசமான பதில்தான். ஆனால், அது கேட்ட கேள்விக்கான பதில் இல்லை. வேலை வேறு யாருக்கோ போய்விடுகிறது.

இது எங்கும் நடந்ததல்ல; நடந்ததாக வைத்துக்கொண்டது. ‘ஹைப்போதெட்டிகல்’ என்றால் அதுதான்!

அகராதியில் தேடினால் ‘கருதுகோள் சார்ந்த’, ‘அனுமானமான’ என்று இருக்கும். வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ‘ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோமே’ என்போம். அதுதான் மிகச் சரியான மொழிபெயர்ப்பு. இதன் வேர் கிரேக்க மொழியில் இருக்கிறது. ‘ஹைப்போ’ என்றால் கீழே. ‘தீசிஸ்’ என்றால் வைத்தல். மேலே ஒன்றைக் கட்டுவதற்காகக் கீழே வைக்கும் அஸ்திவாரம். கிரேக்கர்களும் ‘வைத்து’க்கொண்டார்கள், நாமும் ‘வைத்து’க்கொள்கிறோம்!

இதை ‘ஹிப்போக்ரிட்டிகல்’ என்ற சொல்லோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது வெளிவேஷத்தைக் குறிக்கும் சொல். ‘ரெட்டரிகல் கொஸ்டின்’ என்பதும் வேறு. ‘உனக்கு அறிவு இருக்கா?’ என்று அப்பா கேட்டால் அது ரெட்டரிகல். பதில் சொன்னால் வம்பு. ஹைப்போதெட்டிகல் கேள்விக்கோ பதில் சொல்லியே ஆக வேண்டும். 1967-ல் பிலிப்பா ஃபுட் என்ற பிரிட்டிஷ் தத்துவவாதி ஒரு கேள்வி கேட்டார். கட்டுப்பாடு இழந்து ஓடும் டிராம். நேரே போனால் ஐந்து பேர் சாவார்கள். பக்கத்துத் தண்டவாளத்தில் திருப்பினால் ஒருவர் சாவார். டிரைவர் என்ன செய்ய வேண்டும்? இன்றுவரை விவாதிக்கிறார்கள். ‘அது எந்த ஊர் டிராம்?’ என்று கேட்டால் விவாதமே இல்லை.

அரசியல்வாதிகளுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டுபோல. ‘கூட்டணி உடைந்தால்?’ என்று நிருபர் கேட்டால், ‘ஹைப்போதெட்டிகல் கேள்விகளுக்குப் பதில் சொல்வதில்லை’ என்று நழுவிவிடுவார்கள். ‘அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா’ என்று நம்மூரில் சொல்வதைத்தான் அவர்கள் கோட் சூட் போட்டுச் சொல்கிறார்கள்.

இனி கொஞ்சம் இலக்கணம். இந்த வகை வாக்கியத்தில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ‘இஃப் ஐ வில் ஹேவ் எ கார்’ என்பது தவறு. ‘இஃப் ஐ ஹேட் எ கார், ஐ வுட் டிரைவ் டு ஊட்டி’ என்பதே சரி. ‘ஹேட்’ இறந்தகாலம் ஆயிற்றே, இப்போது இல்லாத காருக்கு அது எப்படி வரும் என்று தோன்றும். தமிழில் எப்படிச் சொல்கிறோம்? ‘கார் இருந்தால்’. ‘இருந்தது’, ‘இருந்தான்’ என்பதில் உள்ள அதே ‘இருந்த்’தான் இங்கேயும். வந்தால், போனால், படித்தால் என எல்லாமே இப்படித்தான். இரண்டு மொழிகளுமே இறந்தகால உருவத்தை வைத்துத்தான் நடக்காததைப் பேசுகின்றன. இதைப் பிடித்துக்கொண்டால் ‘இஃப் ஐ வேர் யூ’ என்பதும் மிரட்டாது. ‘நான் உங்க இடத்தில் இருந்தால்’, அவ்வளவுதான். ‘ஐ’க்குப் பக்கத்தில் ‘வாஸ்’ வராமல் ‘வேர்’ வருவதே, இது நிஜமல்ல என்பதற்கான அடையாளம்.

ஆபீஸில் இந்தச் சொல்லைச் சரளமாகப் புழங்குபவர்கள்கூட வீட்டுக்கு வந்தால் திணறிப்போகிறார்கள். ‘ஒருவேளை எனக்கு ஏதாவது ஆயிட்டா, பேங்க் லாக்கர் சாவி...’ என்று கணவர் ஆரம்பிப்பதற்குள், ‘வாயைக் கழுவுங்க முதல்ல’ என்று மனைவி எழுந்து போய்விடுவார். சொன்னாலே நடந்துவிடும் என்ற பயம். சாவி எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாமலே வருஷங்கள் ஓடும்.

ஆனால், அதே மனைவி அடுப்படியிலிருந்து, ‘சரி, ஒரு பேச்சுக்குத்தான் கேக்கறேன். அந்த எல்.ஐ.சி பாலிசியில நாமினி நானா, உங்க அம்மாவா?’ என்று கேட்டால், அது ஹைப்போதெட்டிகல் கேள்வியே அல்ல. அவர் பாலிசி பேப்பரை எடுத்துக்கொண்டு வருவதே நல்லது.