விழா யாருக்கு?

கரோல் பாகில் ஒண்டுக் குடித்தனம் இருந்த தமிழ் குமாஸ்தாக்களுக்கு ஒரு காலத்தில் புசா ரோடு தமிழ்ப் பள்ளி நடந்து போகும் தூரம். பிறகு துவாரகை, மயூர் விஹார் என்று குடும்பங்கள் சிதறின. 2025 ஜூனில் ஜங்புரா மதராஸி கேம்ப் இடிக்கப்பட்டபோது, சுமார் 370 குடும்பங்களில் 189-க்குத்தான் மாற்று வீடு என்றார்கள். அதுவும் நகரின் வடகோடியான நரேலாவில். டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்றுகூட அந்தப் பக்கம் இல்லை. அக்குழந்தைகள் நாலு பேர் நடுவே தமிழ் பேச மிஞ்சியிருப்பது விழாக்கள்தாம்.

விழாக்களோ மாலையில் தொடங்குகின்றன. வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை (ஜனவரிக் குளிருக்கு அது ஒன்றுதான் பிரயோசனம்!) எல்லாம் முடிந்து குறள் ஒப்பிக்கும் சிறுவர்கள் மேடையேற இரவாகிவிடுகிறது. கூலி வேலை செய்யும் தகப்பன் கடைசி பஸ்ஸைப் பிடிப்பானா, மகள் பரிசு வாங்குவதைப் பார்ப்பானா?

பொங்கல் மத்திய அரசு அலுவலகங்களில் விருப்ப விடுமுறைதான். ஆகவே ஞாயிறு காலை பத்து மணிக்கு, மெட்ரோ அருகிலுள்ள புசா ரோடு போன்ற இடத்தில் விழாவை வைக்கலாம். குழந்தைகள் முதலில், பிரமுகர்கள் பிறகு. சாப்பாட்டு நேரம் நெருங்கினால் பேச்சும் தானாகச் சுருங்கும்.