மார்பில் கட்டியா? மறைக்க வேண்டாம்

பிள்ளைக்கு மூன்று வயது. பால் மறக்கடித்துப் பல மாதங்கள். ஒருநாள் குளிக்கும்போது மார்பின் ஒரு பக்கத்தில் கல்லுப்போல ஒரு கட்டி தட்டுப்படுகிறது. தோல் சிவந்து நோகிறது. "பால் கட்டியிருக்கும்" என்று ஒத்தடம் கொடுத்தும் குறையவில்லை. புற்றுநோயோ என்ற பயத்தில் தாய் யாரிடமும் வாய் திறப்பதில்லை. நம்மில் பலர் இப்படித்தான்.

சகோதரிகளே, இவ்வாறு தோன்றும் கட்டிகளில் 'கிரனுலோமற்றஸ் மஸ்டைற்றிஸ்' என்ற அரிதான வகையொன்று உண்டு. 1972இல் மருத்துவ உலகில் முதன்முதலாக விபரிக்கப்பட்ட இது புற்றுநோயல்ல, ஒருவகை அழற்சி. பிள்ளை பெற்ற சில வருடங்களுக்குள் இளந்தாய்மாருக்கே பெரும்பாலும் ஏற்படுகிறது. சிலருக்குக் கட்டி உடைந்து சீழும் வடியும்.

சிக்கல் என்னவென்றால், கையால் பார்த்தாலும் ஸ்கான் செய்தாலும் இது புற்றுநோய் போலவே தோன்றும். மார்பில் வரும் காசநோயும் இதே போலத்தான். எனவே ஊசி மூலம் சிறுதுண்டு இழையம் எடுத்துப் பரிசோதிப்பதே (பயொப்சி) சரியான வழி. ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்று அஞ்சி இதைத் தவிர்க்காதீர்கள். காசநோய் இல்லையென்பதையும் உறுதிசெய்ய வேண்டும். ஏனெனில் இவ்வழற்சிக்குக் கொடுக்கும் ஸ்டீரொயிட் மருந்து காசநோயைத் தீவிரமாக்கிவிடும்.

சிகிச்சைக்குப் பொறுமை தேவை. சிலருக்கு மருந்தின்றியே மாதக்கணக்கில், சிலவேளை ஒரு வருடத்துக்கு மேலாகி, தானாகவே வற்றிவிடும். சீழ் இருந்தால் ஊசியால் எடுப்பார்கள். நோவும் வீக்கமும் கூடியவர்களுக்கு ஸ்டீரொயிட் கொடுப்பதுண்டு. அதனை நீங்களாகத் திடீரென நிறுத்தக்கூடாது. சீனி வியாதி, பிரஷர் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். மெதோட்ரெக்சேட் கொடுக்கப்பட்டால் அக்காலத்தில் கருத்தரிக்கக்கூடாது. திரும்பத் திரும்ப வெட்டினால் புண் ஆறாமல் தழும்பாகிவிடலாம். ஆகவே, "பயொப்சி முடிவு என்ன?" என்று முதலில் கேளுங்கள். அது உங்கள் உரிமை. குணமான பின்பும் மீண்டும் வரக்கூடும் என்பதால் கிளினிக்கைத் தவறவிடாதீர்கள்.

கட்டி எதுவென்று தீர்மானிப்பது நமது பயமுமல்ல, அயலவரின் பேச்சுமல்ல. உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். அல்லது அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். புற்றுநோயல்ல என்றால் மனம் ஆறும். புற்றுநோயே என்றாலும் நேரத்தோடு கண்டால் குணமாக்க வாய்ப்பு அதிகம். இரண்டுக்கும் தடையாக இருப்பது நமது மௌனமே.